காவிரிப் படுகையில் விழா அலங்காரம்: மண்ணுக்குத் தீங்கில்லாமல் செய்யப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

காவிரிப் படுகையில் வாசலில் கட்டுகிற எதுவும் வாசலோடு நின்றுவிடுவதில்லை. கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ ஒரு தெருவில் கட்டிய ஜிகினாத் தோரணம் காற்றில் அறுந்தால் சாக்கடையில் விழுகிறது; சாக்கடை வாய்க்காலில் சேர்கிறது; மதகில் அடைத்துக்கொண்டது போக மிஞ்சியது வயலுக்குள் நுழைகிறது, அல்லது கடைமடை வழியாகக் கடலுக்குப் போகிறது. மேட்டூர் அணை திறக்கும் நாளை எதிர்பார்த்து வாய்க்கால் தூர்வாருகிற ஊர்களில், மண்வெட்டியில் சேற்றோடு சிக்கி வருவது பெரும்பாலும் சென்ற ஆண்டுத் திருவிழாவின் மிச்சம்தான். ஆகவே இந்த வட்டாரத்தில் அலங்காரத்தைத் திட்டமிடுபவர், எது அழகாக இருக்கும் என்று யோசிப்பதற்கு முன்னால், விழா முடிந்த மறுநாள் இது எங்கே போகும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். புதிதாக வீடு கட்டிக் குடிவந்தவர்களும், முதன்முறையாகத் தெரு விழாக் குழுவில் பொறுப்பேற்றவர்களும் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கி வேலையை முடிப்பதற்கான வழிகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

முதல் வேலை: பொருள்களைப் பிரித்துப் பார்த்தல்

ஒரு நல்ல அலங்காரப் பொருள் கடைசியில் போய்ச் சேரக்கூடிய இடங்கள் மூன்று: மாட்டுத் தொட்டி, எருக்குழி, அடுத்த ஆண்டுக்காக எடுத்துவைக்கும் தகரப் பெட்டி. கடைக்குப் போவதற்கு முன் ஒரு தாளில் தேவையான பொருள்களை எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் இந்த மூன்றில் எது என்று குறித்துக்கொள்ளுங்கள். வாழைமரம் மாட்டுக்கு, மாவிலை எருக்குழிக்கு, துணிக்கொடியும் சீரியல் விளக்கும் பெட்டிக்கு என்று எழுத முடிகிறவரை கவலையில்லை. எதிரில் எதையும் எழுத முடியாத பொருளை வாங்காமல் விடுவதே நல்லது. தெர்மாகோல் எழுத்து, பிளாஸ்டிக் பூச்சரம், ஜிகினாத் தாள், நுரைப் பந்து எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும்.

இவற்றில் சிலவற்றைச் சட்டமும் விலக்கியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்கள் தடை செய்யப்பட்டுள்ளன; பிளாஸ்டிக் கொடி அவற்றுள் ஒன்று. நாடு முழுவதும் 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த தடையில் பிளாஸ்டிக் கொடி, பலூன் கட்டும் பிளாஸ்டிக் குச்சி, அலங்காரத்துக்கான தெர்மாகோல் ஆகியவை பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டுள்ளன. விழாக் குழுவில் யாராவது தெர்மாகோல் வளைவு வேண்டும் என்று வற்புறுத்தினால், இந்தத் தடையை எடுத்துச் சொன்னாலே பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடும்.

காகிதம் என்றாலே நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. கடையில் கிடைக்கும் பளபளப்பான தாள்களில் பல, மெல்லிய பிளாஸ்டிக் பூச்சுக் கொண்டவை. சந்தேகம் இருந்தால் ஒரு துண்டைக் கிழித்து இரவு முழுவதும் தண்ணீரில் ஊறப்போடுங்கள். உண்மையான காகிதம் காலையில் விரலால் அழுத்தினால் கூழாகும். பூச்சு இருந்தால் கண்ணாடிபோல ஒரு சவ்வு தனியே பிரிந்து வரும். துணிக்கும் ஒரு சோதனை உண்டு. ஒரு நூலை உருவி, தீயில் காட்டினால், பருத்தி நூல் காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு கடினமான மணியாகும்.

பருவத்தைப் பார்த்துப் பொருளைத் தேர்ந்தெடுத்தல்

டெல்டாவில் பெரும்பாலான மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றால் பெய்கிறது. ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்று சொல்லும் அந்த இரண்டு மாதங்களில்தான் தீபாவளியும் திருக்கார்த்திகையும் வருகின்றன. வண்ணக் காகிதத் தோரணத்தை அப்போது தெருவில் கட்டினால் ஒரே இரவில் சாயம் கரைந்து சுவரெல்லாம் வழியும். காகிதத்தைத் திண்ணைக்கும் கூடத்துக்கும் ஒதுக்கிவிட்டு, வெளியில் ஓலையும் இலையும் துணியும் கட்டுவதே சரி. ஆடியில் சிக்கல் வேறு விதமானது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்னும்போது தோரணம் எம்மாத்திரம். ஆகவே நீளத் தோரணங்களைத் தவிர்த்து, இரண்டு கம்பங்களுக்கு இடையில் குட்டையாகவும் தாழ்வாகவும் கட்ட வேண்டும். தை மாதம்தான் மிக வசதியானது. மழை ஓய்ந்திருக்கும், சம்பா அறுவடை நடந்துகொண்டிருக்கும், வைக்கோலும் நெற்கதிரும் கைக்கெட்டும் தொலைவில் கிடைக்கும்.

கட்டும் கயிறு: இங்கேதான் பெரும்பாலானவர்கள் தவறவிடுகிறார்கள்

இலையும் பூவும் தேடித் தேடி வாங்குகிறவர்கள்கூட அவற்றைக் கட்டுவதற்கு நைலான் கயிற்றையும் ஸ்டாப்ளர் பின்னையும் எடுத்துவிடுகிறார்கள். மொத்த அலங்காரத்தில் இவைதான் அளவில் மிகச் சிறியவை. கேடு விளைவிப்பதில் மிகப் பெரியவையும் இவையே. காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். விழா முடிந்ததும் வாழைமரத்தையும் இலைகளையும் தெரு ஓரத்தில் போடுகிறோம். மாடுகள் வந்து மேய்கின்றன. மாடு தீனியை முதலில் அவசரமாக விழுங்கிவிட்டுப் பிறகு அசைபோடும் இயல்புடையது என்பதால், இலையோடு சேர்ந்த கம்பித் துண்டை அதனால் பிரித்தறிந்து உமிழ முடியாது. அந்தக் கம்பி இரண்டாம் இரைப்பை அறையில் தங்கி, அதன் சுவரைத் துளைத்து, உதரவிதானத்தைத் தாண்டி, இதயத்தைச் சுற்றியுள்ள உறை வரை சென்று குத்தக்கூடும். நைலான் கயிறு துளைக்காது. ஆனால் செரிக்காமல் வயிற்றிலேயே உருண்டு திரண்டு அடைத்துக்கொள்ளும். நாம் மாட்டுப் பொங்கலுக்குக் கட்டிய தோரணமே மாட்டுக்கு வினையாக முடிவதை ஒருபோதும் ஏற்க முடியாது. ஆகவே பின், குண்டூசி, மெல்லிய கட்டுக்கம்பி மூன்றையும் அலங்கார வேலையிலிருந்து முழுவதுமாக விலக்கிவிடுங்கள்.

மாற்று நம்மிடமே இருக்கிறது. எடை தாங்க வேண்டிய இடத்துக்குத் தேங்காய் நாரால் திரித்த கொச்சக்கயிறு, தோரணத்துக்குச் சணல், பூவுக்கும் இலைக்கும் வாழைநார் என்று பிரித்துக்கொள்ளலாம். வாழைநாரை வீட்டிலேயே தயாரிக்கலாம். வெட்டிய வாழைமரத்தின் வெளி மட்டைகளை உரித்து, அகலமான பட்டைகளாகக் கிழித்து, வெயிலில் நிறம் மாறும்வரை காயவைத்து, கட்டாகச் சுருட்டி வைத்துவிட வேண்டும். பயன்படுத்தும்போது ஒரு பட்டையைத் தண்ணீரில் நனைத்து, ஈரத்துணியில் சுற்றி வைத்துக்கொண்டு, வேண்டிய அகலத்துக்கு நகத்தால் கீறி இழை எடுத்துக்கொள்ளலாம். காய்ந்த நார் முறியும். நனைந்த நார் முடிச்சுக்கு இணங்கும்.

வைக்கோலை முறுக்கித் திரிக்கும் கயிறான வைக்கோல் பிரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாழைமரத்தைக் கம்பத்தோடு சேர்த்துக் கட்டுவதற்கு அதைப் போல் ஏற்ற பொருள் இல்லை. இயந்திரத்தால் அறுத்த வைக்கோல் நொறுங்கிக் குட்டையாகிவிடும் என்பதால், கையால் அறுத்த கதிரின் நீள வைக்கோலைக் கேட்டு வாங்குங்கள். அதன்மேல் தண்ணீர் தெளித்துச் சிறிது நேரம் ஊறவிட்டு, ஒரு பிடியைக் காலுக்கடியில் அழுத்திக்கொண்டு, மறுமுனையை இரு உள்ளங்கைக்கும் நடுவே ஒரே திசையில் முறுக்கிக்கொண்டே, முனை மெலியும்போதெல்லாம் சிறிது சிறிதாக வைக்கோல் சேர்த்து நீட்ட வேண்டும். வயல் வேலை தெரிந்த ஒருவர் அருகில் இருந்தால் கொஞ்ச நேரத்தில் கை பழகிவிடும்.

வாசல்: மாவிலையும் குருத்தோலையும்

மூன்றடி அகல வாசலுக்கு 15 முதல் 21 மாவிலைகள் போதும். கொழுந்து இலை விரைவில் வாடிச் சுருளும்; பழுத்த இலை மடிக்கும்போது முறியும்; கரும்பச்சையாக, சற்றுத் தடிப்பாக இருக்கும் நடுத்தர இலையே தோரணத்துக்கு ஏற்றது. சணலைக் கதவு நிலையின் அகலத்தைவிட இரண்டு முழம் கூடுதலாக வெட்டிக்கொண்டு, இலையின் காம்புப் பக்கத்தைச் சணலின் மேலாக மடித்து, மடிப்பின் கீழே தென்னை ஈர்க்குத் துண்டை உள்ளே நுழைத்து வெளியே எடுத்துக் குத்திவிட வேண்டும். ஈர்க்கைக் கட்டைவிரல் நீளத்துக்கு நறுக்கி முன்கூட்டியே ஒரு கிண்ணத்தில் வைத்துக்கொண்டால் வேலை தடைபடாது. பழைய விளக்குமாற்றிலிருந்து உருவாமல், புதிய ஓலையிலிருந்து எடுத்த ஈர்க்கையே பயன்படுத்துவது வழக்கத்துக்கும் ஏற்றது, பச்சை ஈர்க்கு வளைந்தும் கொடுக்கும்.

குருத்தோலையைப் பொறுத்தவரை ஒரு கட்டுப்பாடு தேவை. தென்னையின் விரியாத குருத்து, மரம் அடுத்து விரிக்கப்போகும் இலை. ஒரே மரத்தில் அடிக்கடி குருத்தை வெட்டினால் மரம் நலிவடையும், வெட்டுக்காயத்தில் வடியும் சாற்றின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டும் தேடி வரும். 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தோப்புகள் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு, மறுபடியும் நட்டு வளர்த்த இளந்தென்னையின் குருத்தில் கைவைக்க மனம் வராது. பாதை மறிக்கிறது என்றோ, காய்ப்பு ஓய்ந்தது என்றோ எப்படியும் வெட்டவிருக்கும் மரங்கள் எங்கே உள்ளன என்று தோப்புக்காரரிடம் முன்னதாகச் சொல்லிவைத்துக் குருத்தை வாங்குங்கள். நன்கு வளர்ந்த தென்னையின் ஒரு மட்டையில் 200-க்கும் மேற்பட்ட இதழ்கள் இருக்கும் என்பதால் ஒரு வீட்டுக்கு ஒரு குருத்து தாராளம். குருத்து கிடைக்காவிட்டால் விரிந்த பச்சை ஓலையிலும் தோரணம் கட்டலாம்; மஞ்சள் வெளுப்பு இருக்காது, மற்றபடி குறையில்லை.

இதழிலிருந்து ஈர்க்கை உருவிவிட்டு, அடிப்பகுதியைக் கயிற்றின் மேல் மடித்து ஈர்க்குத் துண்டால் குத்தி, தொங்கும் பகுதியைக் கத்தரிக்கோலால் நடுவில் நீளவாக்கில் கீறிவிடுவதே மிக எளிய தோரணம். கிளி, குருவி போன்ற மடிப்புகளைப் பிறகு கற்றுக்கொள்ளலாம். மங்கல நிகழ்ச்சிக்குக் கட்டும் தோரணத்துக்கும் துக்க வீட்டில் கட்டுவதற்கும் மடிப்பு வேறுபடும் என்பதால், மடிப்பு வேலையில் இறங்கும் முன் உங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.

வாழைமரம்

வாழை ஒருமுறைதான் தார் போடும். தாரை வெட்டிய பின் அந்த மரத்தை எப்படியும் சாய்த்துவிடுவார்கள். திருவையாறு, திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துக் கொல்லைகளில் அறுவடை முடிந்த மரத்தைக் கேட்டு வாங்கி, தாரைத் தனியாக வாங்கி மேலே கட்டினால், காய் முற்றாத மரத்தை அலங்காரத்துக்காகவே வெட்ட வேண்டியதில்லை. குலையோடுதான் மரம் வேண்டும் என்பவர்கள், விழா முடிந்ததும் காயைக் கறிக்கும், பூவை உசிலிக்கும், தண்டைக் கூட்டுக்கும் எடுத்துவிட்டு, மிச்சத்தை நறுக்கி மாட்டுக்குப் போடலாம். மரத்தின்மேல் வண்ணம் பூசுவதையும் மின்னும் தாள் சுற்றுவதையும் தவிர்த்தால்தான் இது நடக்கும்.

பூ

மஞ்சள், சிவப்பு, வெள்ளை, பச்சை என்று அடுக்கி, மருக்கொழுந்தும் கனகாம்பரமும் சேர்த்துக் கட்டும் தஞ்சாவூர்க் கதம்பத்துக்கு இணையான வாசல் அலங்காரம் எனக்குத் தெரிந்து வேறில்லை. தஞ்சாவூர்ப் பூக்காரத் தெருவிலோ உங்கள் ஊர்க் கடைத்தெருவிலோ வாங்கும்போது நாரில் கட்டித் தரும்படி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாலைகளில் இடையிடையே கோக்கும் ஜிகினா உருண்டையும் பிளாஸ்டிக் மணியும் வேண்டாம் என்று சொன்னால் பூக்காரர்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை.

இதனோடு சேர்த்து நெட்டியைச் சொல்ல வேண்டும். குளங்களிலும் ஏரிகளிலும் வளரும் நீர்ச்செடி அது. பழுப்புத் தோலைச் சீவினால் உள்ளே தண்டு முழுவதும் தந்தம்போல வெண்மையாக, விரலால் அழுத்தினால் அமுங்கும் மென்மையோடு இருக்கும். தெர்மாகோல் செய்யும் வேலை அத்தனையையும் செய்துவிட்டு மண்ணில் மக்கிவிடும். தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாட்டுக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாட்டுப் பொங்கலன்று மாடுகளுக்கு அணிவிக்கும் நெட்டி மாலையைக் கும்பகோணம் வட்டாரத்தில் இன்றும் கட்டுகிறார்கள். எழுத்து, பூ, சிறு கோபுரம் என்று தெர்மாகோலில் எதைக் கேட்க நினைத்தீர்களோ அதை நெட்டிக் கைவினைஞரிடம் கேளுங்கள். விலை கூடுதல்தான்; ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் பல ஆண்டுகள் இருக்கும்.

கோலம்

அரிசி மாவுக் கோலம் எறும்புக்கும் குருவிக்கும் உணவு. கடையில் கிடைக்கும் வெள்ளைக் கோலமாவு பெரும்பாலும் கல்லை அரைத்த தூள். கோடு பளிச்சென்று விழும், எந்த உயிருக்கும் பயன்படாது. அரிசி மாவு மட்டும் எடுத்தால் கைக்குச் சரியாக வழுக்கி விழவில்லை என்று புதியவர்கள் குறைப்பட்டுக்கொள்வது உண்டு. பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, சற்று நறநறப்பாகவே பொடித்தால் அந்தக் குறை தீரும். சிமெண்டுத் தரையிலும் கூடத்திலும் இழைக்கோலம் இன்னும் நன்றாக நிற்கும்: ஊறிய பச்சரிசியை மைய அரைத்து, மோர் பதத்துக்குக் கரைத்து, சிறு வெள்ளைத் துணியை அதில் தோய்த்து, நான்கு விரலுக்குள் அடக்கி, பிழியப் பிழிய மோதிர விரல் வழியாக ஒழுகும் மாவால் கோடு இழுக்க வேண்டும். காய்ந்த பிறகுதான் வெண்மை முழுவதும் தெரியும் என்பதால், ஈரத்தில் மங்கலாகத் தெரிகிறதே என்று மேலே மேலே இழுக்க வேண்டாம். சுற்றிலும் செம்மண் கரை கட்டினால் அதற்குமேல் வண்ணமே தேவையில்லை என்பது என் கருத்து.

வண்ணம் வேண்டும் என்பவர்களுக்கு மஞ்சள்தூள், இடித்துச் சலித்த செங்கல் தூள், அடுப்புக்கரித் தூள், நிழலில் உலர்த்திப் பொடித்த முருங்கையிலை ஆகியவை உண்டு. மஞ்சள்தூளில் சிறிது சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்திச் சிவப்பு கிடைக்கும். கலக்கும்போது கரண்டியைப் பயன்படுத்துங்கள், சுண்ணாம்பு கையை அரிக்கும். நீலத்துக்குச் சங்குப்பூ இதழ்களைத் தூவலாம். சாயமேற்றிய உப்பில் கோலம் போடும் பழக்கம் சில இடங்களில் பரவியிருக்கிறது; மண் வாசலிலும் செடி ஓரத்திலும் உப்பைக் கொட்டுவது மண்ணைக் கெடுக்கும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும். மார்கழியில் கோலத்தின் நடுவே சாண உருண்டையில் பரங்கிப்பூ வைக்கும் வழக்கத்துக்கு ஈடாக எந்தக் கடைப்பொருளும் இல்லை. பூவோடு தட்டிக் காயவைத்தால் அது வரட்டியாகிவிடுகிறது.

தெருவுக்கான துணிக்கொடியும் வரவேற்புப் பலகையும்

ஒரு தெரு முழுவதும் அலங்கரிக்க வேண்டியிருக்கும்போது இலையும் பூவும் மட்டும் கட்டுபடியாகாது. அங்கே துணிதான் தீர்வு. திருவாரூர் ஆழித்தேரை நினைத்துப் பாருங்கள். அலங்கரித்து நிற்கும்போது 96 அடி உயரம் என்று சொல்லப்படும் அந்தத் தேரின் மேற்பகுதி மூங்கிலும் கயிறும் தேர்ச்சீலையுமாகக் கட்டி எழுப்பப்படுவது. தேரில் தொங்கும் துணிக் குழல்களான தொம்பைகள் காற்றில் அசையும் அந்த அழகு விழா முடிந்ததும் அவிழ்க்கப்பட்டு, அடுத்த முறைக்குக் காத்திருக்கும். பிரித்து எடுத்துவைக்கக்கூடியதாகச் செய்வது இந்த மண்ணுக்குப் பழகிய வழி.

தையற்கடைகளில் வெட்டுத்துணி மூட்டைமூட்டையாகக் கிடக்கும். அதில் பருத்தியை மட்டும் பொறுக்கி, ஒரு சாண் அகலமும் ஒன்றரைச் சாண் நீளமும் கொண்ட முக்கோணங்களாக வெட்டுங்கள். அட்டையில் ஒரு முக்கோணத்தை முதலில் வெட்டி அளவாக வைத்துக்கொண்டால் எல்லாம் ஒரே சீராக வரும். அகலப் பக்கத்தை அரை அங்குலம் மடித்துத் தைத்து, அந்தக் குழாய்க்குள் சணலைக் கோக்க வேண்டும். சணலின் மேலேயே நேராகத் தைத்துவிட்டால் துவைக்கும்போது சணல் சுருங்கிக் கொடிகள் கோணிக்கொள்ளும். ஒரு கயிற்றுக்குப் பத்து முழத்துக்கு மேல் போக வேண்டாம். நீளம் கூடினால் சுருட்டி வைப்பதும் சிக்கலெடுப்பதும் பெரும்பாடு. பழைய வேட்டியும் பருத்திச் சேலையும் பந்தலின் உட்புற விதானத்துக்கு அப்படியே பயன்படும். பந்தலைக் கீற்றால் வேய்ந்தால் அடியில் வெயில் தணியும், பிரித்த கீற்று மாட்டுக்கொட்டகைக்குப் போகும்.

வரவேற்புக்கு ஃபிளெக்ஸ் பேனர் வேண்டாம். அது பிவிசி என்னும் பிளாஸ்டிக், மக்காது, எரித்தால் நச்சுப்புகை வரும். மூங்கில் தட்டியில் பழைய செய்தித்தாளை ஒட்டி, அதன்மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, ஓவியர் ஒருவரைக் கொண்டு எழுத வைக்கலாம். ஆண்டையும் தேதியையும் தனித் தாளில் எழுதி ஒட்டினால் மற்றதை அடுத்த ஆண்டும் வைத்துக்கொள்ளலாம். ஒட்டுவதற்கு மைதாப் பசை போதும்: ஒரு பங்கு மைதாவைக் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, ஐந்து பங்கு கொதிநீரில் ஊற்றி, கண்ணாடிபோலத் தெளியும்வரை கிளற வேண்டும். பூச்சி வராமலிருக்கச் சிலர் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம், தட்டியைக் கடைசியில் எருக்குழியில் போட முடியாமல் செய்துவிடும். வேப்பிலை கொதித்த தண்ணீரில் பசை காய்ச்சிக்கொள்ளுங்கள்.

விளக்கு

அகல் விளக்கை ஏற்றுவதற்கு முன் சில மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து நிழலில் ஆறவிட்டால், மண் எண்ணெயைக் குடிக்காது. எண்ணெய் மிச்சமாகும், தரையில் கறையும் படியாது. எரிந்த அகலைச் சாம்பலும் சீயக்காயும் கொண்டு தேய்த்து வெயிலில் வைத்தால் அடுத்த கார்த்திகைக்கும் ஆகும்.

மின்விளக்குக்கு எல்இடி சீரியல் செட்டைத்தான் வாங்க வேண்டும். ஜீரோ வாட் என்று பெயர் வைத்திருந்த பழைய வண்ணக் குண்டு பல்பு உண்மையில் ஒவ்வொன்றும் 15 வாட் அளவுக்கு மின்சாரம் இழுத்தது. அவற்றை ஐம்பது அறுபதாகத் தெரு நீளத்துக்குக் கட்டியதன் செலவைக் கணக்கிட்டுப் பாருங்கள். எல்இடியானாலும் ஆண்டுக்கொன்று வாங்கித் தூக்கியெறிந்தால் பயனில்லை. சரத்தில் ஒரு பகுதி மட்டும் அணைந்திருந்தால் எலக்ட்ரிக் கடையில் கொடுத்துப் பழுதுபார்க்கலாம். மரங்களில் கட்டுவதானால் இரவு பத்து மணிக்கு அணைத்துவிடுங்கள், பறவைகள் அடைய வேண்டும்.

கிறிஸ்துமஸ் நட்சத்திரம், குடில், கொலு

வேளாங்கண்ணியிலும் பூண்டியிலும் தரங்கம்பாடியிலும் டிசம்பர் வந்தால் வீட்டுக்கு வீடு நட்சத்திரம் தொங்கும். பிளாஸ்டிக் நட்சத்திரத்துக்குப் பதிலாக மூங்கிலில் செய்ய, ஒரே நீளத்தில் பத்துப் பிளாச்சுகளும் (பிளந்தெடுத்த மூங்கில் பட்டைகள்) கைப்பிடி அளவில் ஐந்து குட்டைக் குச்சிகளும் தேவை. ஐந்து பிளாச்சுகளால் ஒரு ஐங்கோண நட்சத்திரமும், மீதி ஐந்தால் இன்னொன்றும் கட்டிக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டிய பின், நடுவில் பிளாச்சுகள் வெட்டிக்கொள்ளும் ஐந்து இடங்களிலும் குட்டைக் குச்சியை நிறுத்திக் கட்டினால் நட்சத்திரம் உப்பிக்கொள்ளும். காற்றாடித்தாளை மைதாப் பசையால் ஒட்டி, ஒரு பக்கத்தை மட்டும் விளக்கு மாட்டத் திறந்து வைக்க வேண்டும். உள்ளே எல்இடி பல்பை மட்டுமே போடுங்கள். குண்டு பல்பின் சூட்டில் தாள் தீப்பிடிக்கலாம். மழைக்காலமாகையால் இதைத் தாழ்வாரத்துக்குள் தொங்கவிட வேண்டும். வெளியே தொங்கவிட ஓலை நட்சத்திரம் உண்டு. குருத்தோலை ஞாயிறன்று சிலுவை மடிக்கப் பழகிய கைகளுக்கு அது எளிது. கிறிஸ்துமஸ் மரத்துக்குச் சவுக்குக் கிளை போதும்.

குடிலின் புல்வெளிக்கும் கொலுவின் பூங்காவுக்கும் ஒரே வழிதான். ஒன்பது பத்து நாள் முன்னதாகக் கேழ்வரகையோ வெந்தயத்தையோ ஓரிரவு ஊறவைத்து, தட்டையான மண்சட்டியில் ஈரமண் பரப்பித் தூவி, மேலே லேசாக மண் மூடித் தினமும் தண்ணீர் தெளித்து வந்தால், விழா நாளில் பச்சைப்பசேலென்று நிற்கும். மலைக்குச் சாக்குத்துணியைக் களிமண் கரைசலில் தோய்த்துப் போர்த்தலாம். குளத்துக்கு உடைந்த முகம்பார்க்கும் கண்ணாடி.

தண்ணீரில் விடுபவை

பிள்ளையாரைச் சுடாத, வண்ணம் பூசாத களிமண்ணில் வாங்குங்கள். குன்றிமணிக் கண்ணும் எருக்கம்பூ மாலையும் அவருக்குப் போதும். குடை மட்டும் காகிதக் குடையா, ஜிகினாக் குடையா என்று பார்த்து வாங்க வேண்டும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் தண்ணீரில் எளிதில் கரையாமல் இறுகிக் கிடக்கும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-இல் வெளியிட்ட திருத்திய நெறிமுறைகள் அந்தப் பொருளாலான சிலைகளையும், தெர்மாகோல் சேர்த்த சிலைகளையும் விலக்குகின்றன. வீட்டுப் பிள்ளையாரைப் பூவும் குடையும் களைந்துவிட்டு ஒரு அகலமான பாத்திரத்துத் தண்ணீரில் கரைத்து, அந்த நீரைத் துளசிக்கோ தென்னைக்கோ ஊற்றலாம்.

ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடும் காதோலை கருகமணி இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக் வளையலாகவும் மணியாகவும் வருகிறது. பனையோலைச் சுருளாலான காதோலையைக் கேட்டு வாங்குங்கள். பொட்டலத்தின் பிளாஸ்டிக் உறையைக் கரையிலேயே பிரித்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். விளக்கு விடுவதானால் வாழைமட்டைத் துண்டிலோ இலைத் தொன்னையிலோ, எண்ணெய் ஒரு சிறு கரண்டிக்கு மிகாமல் ஊற்றி விடலாம். பிள்ளைகள் இழுக்கும் சப்பரத்தை மரத்திலும் காகிதத்திலும் செய்தால் அது வீடு திரும்பிப் பரணில் ஏறும்.

மறுநாள் வேலை

விழாவுக்கு ஆள் சேர்ப்பதைப் போலவே, பிரிப்பதற்கும் முன்கூட்டியே இரண்டு பேரிடம் சொல்லிவைக்க வேண்டும். முதலில் கயிறுகளை அறுக்காமல் முடிச்சவிழ்த்துச் சுருட்டுங்கள். வாழை மாட்டுக்குப் போகட்டும்; மாவிலை, பூ, ஓலை ஆகியவற்றைக் கையளவாக நறுக்கிச் சாணக்கரைசல் தெளித்து எருக்குழியில் மூடினால் பூ விரைவிலும், ஓலை சில மாதங்கள் கழித்தும் மக்கும். வாசல் நிலையில் நெற்கதிர்க் குஞ்சம் கட்டியிருந்தால், அதை மட்டும் குருவிகள் கொத்தி முடிக்கும்வரை அங்கேயே விட்டுவிடலாம். போகியன்று பழையன கழிக்கும்போது பிளாஸ்டிக்கையும் டயரையும் நெருப்பில் போடாமல் தூய்மைப் பணியாளரிடம் பிரித்துக் கொடுங்கள்.

துணிக்கொடிகளைத் துவைத்து நன்கு காயவைத்து, உலர்ந்த நொச்சி இலையோ வேப்பிலையோ இடையிடையே போட்டுத் தகரப் பெட்டியில் அடுக்குங்கள். சீரியல் செட்டை ஓர் அட்டைத் துண்டில் சுற்றி வைத்தால் சிக்கல் விழாது. பெட்டியின் மூடியில் உள்ளே என்னென்ன இருக்கின்றன, எத்தனை முழம் என்று ஒரு தாளில் எழுதி ஒட்டிவிட்டால், அடுத்த விழாவுக்குக் கடைக்குக் கிளம்பும்போது எதையெல்லாம் வாங்க வேண்டியதில்லை என்பது அங்கேயே தெரிந்துவிடும்.